கேஷ் பெட்டியும் பெட்டக அறையும்: ஹைப்ரிட் டிரைவின் கதை

வங்கியில் குப்பை கொட்டுபவனுக்கு 'கேஷ்' என்றால் ஒரே அர்த்தம்தான். கணினிக்காரர்கள் அதே உச்சரிப்பில் இன்னொன்றைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் தமிழ் செய்ததுதான் சரி என்று படுகிறது. இரண்டின் வேலையும் ஒன்றுதான்.

காலையில் கேஷியர் பெட்டக அறையைத் திறந்து அன்றைக்குத் தேவைப்படும் பணத்தை எடுத்துவந்து கவுண்ட்டர் டிராயரில் வைத்துக்கொள்வார். ஐந்நூறு ரூபாய் எடுக்க வரும் ஒவ்வொருவருக்காகவும் பெட்டகத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் பத்து டோக்கன்கூட நகராது. டிராயர் சின்னது, வேகமானது. பெட்டகம் பெரியது, மெதுவானது. சாயங்காலம் கணக்கை நேர் செய்து டிராயரில் இருப்பதை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பூட்டினால்தான் அன்றைய நாள் முடியும். கணினியின் கேஷும் இப்படித்தான்.

இந்தப் பதிவு, அந்த டிராயரையும் பெட்டகத்தையும் ஒன்றாகக் கட்டி விற்ற ஹைப்ரிட் டிரைவ்கள் பற்றியது. 2007இல் பிறந்து, 2022க்குள் ஏறக்குறைய முடிந்துபோன சாமான்கள். முடிந்துபோனதைப் பற்றி இப்போது எதற்கு என்றால், நான் குடியிருக்கும் ஏரவாடாவில் அவை இன்னும் முடியவில்லை. இந்தப் பக்கம் காமர்ஸோன், அந்தப் பக்கம் கல்யாணி நகர், விமான் நகர் என்று சுற்றிலும் கணினி ஆட்கள். வருடா வருடம் வீடு காலி செய்து பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்கள் கட்டில், வாஷிங் மெஷினோடு டெஸ்க்டாப்பையும் விற்றுவிட்டுப் போவார்கள். அந்தப் பொட்டியை வாங்கியவர் ஒருநாள் திறந்து பார்த்து, "ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றிப் புதுசில் மாட்டிக்கொள்ளலாமே" என்று நினைப்பார். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன் என்பதற்குப் பதில், இவை வளர்ந்த கதையில் இருக்கிறது.

(நான் படித்தது பி.காம். மின்னணுவியல் படித்தவர்கள் என் உவமைகளைப் பொறுத்தருள்க. :-))

ஹார்ட் டிஸ்க்கின் ஆதி மூதாதை 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், ஒரு டன்னுக்கு மேல் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைக்கு ஒரு செல்போன் புகைப்படத்துக்கே அது போதாது. அதற்குப் பிறகு கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. ஆனால் தட்டு சுற்றுவது மாறவில்லை. சாதாரண டெஸ்க்டாப் வன்வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று. விநாடிக்கு 120. அதாவது ஒரு சுற்றுக்கு 8.33 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசியின் கீழே வர சராசரியாக அரைச்சுற்று, 4 மில்லி விநாடிக்கு மேல். அதற்கு முன் ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னொரு எட்டு, ஒன்பது. ஆகக்கூடி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் தகவலை எடுப்பதென்றால் விநாடிக்கு எண்பது தடவை எடுத்தாலே பெரிய விஷயம். பிராசஸர் அதே விநாடியில் கோடிக்கணக்கில் கணக்குப் போட்டுவிட்டுக் கை கட்டி நிற்கும்.

இந்த இடைவெளிக்கு டிராயர் வைக்கலாம் என்ற யோசனை பழசு. கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் ஒரு கட்டுரையில் சின்ன வேக நினைவகத்தைப் பெரிய நினைவகத்துக்கு முன்னால் வைப்பதை விளக்கினார். 1968இல் ஐ.பி.எம். தன் சிஸ்டம் 360 வரிசையின் 85ஆம் மாடலில் அதைச் செய்து காட்டியது. வன்வட்டுக்கே கேஷ் வைத்த ஐ.பி.எம். 3880 கட்டுப்பாட்டுப் பெட்டிகள் 1981இல் வந்தன.

இதை நேரில் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. ஏரவாடாவிலேயே இருக்கிறது டெக்கான் கல்லூரி. அங்கே 1948இல் எஸ்.எம். கத்ரே தொடங்கிவைத்த சமஸ்கிருதப் பேரகராதிப் பணி இன்னமும் நடக்கிறது. ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நூல்களில் இருந்து சொல் சொல்லாக எடுத்து எழுதிய சுமார் ஒரு கோடித் துண்டுச் சீட்டுகள், அடுக்கடுக்கான இழுப்பறைகளில். ஒரு கோடிச் சீட்டு உள்ள இடத்தில் ஒருவர் எப்படி வேலை செய்ய முடியும்? இன்றைக்கு எழுதும் சொல்லுக்கான கட்டை மட்டும் மேசைக்கு எடுத்து வந்துதான். மேசைதான் கேஷ், இழுப்பறைதான் டிஸ்க். மேசையில் இருக்கும் சீட்டு இழுப்பறையில் இருக்காது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

நிற்க. கேஷில் இரண்டு வழி உண்டு. இதை எங்கள் பழைய ஆபீசர்கள் சொன்ன பேரேட்டுக் கதையை வைத்துச் சொன்னால் சுலபம்.

1983இல் வங்கி நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இயந்திரமயமாக்கல் பற்றி ஒப்பந்தம் ஆயிற்று. அடுத்த வருடம் ரங்கராஜன் குழு அறிக்கை வந்து, கிளைகளுக்குள் ஏ.எல்.பி.எம். என்ற கணக்குப் பதியும் இயந்திரங்கள் நுழைந்தன. நான் 2000களில் வேலைக்குச் சேர்ந்தபோது அவை காயலான் கடைச் சரக்காகியிருந்தன. ஆனால் அவற்றோடு மல்லுக்கட்டிய ஆட்கள் இருந்தார்கள். வவுச்சர் வந்த உடனே பேரேட்டிலும் பதிந்துவிடுவது ஒரு வகை. மெதுவானது, ஆனால் எந்த நிமிடம் மின்சாரம் போனாலும் பேரேடு சரியாக இருக்கும். வவுச்சர்களை ஒரு தட்டில் சேர்த்துவைத்து, கூட்டம் குறைந்ததும் மொத்தமாகப் பதிவது இன்னொரு வகை. வேகமானது. ஆனால் தட்டு காலியாகும்வரை பேரேடு சொல்வது உண்மை இல்லை, தட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை. முதல் வகையைக் கணினிக்காரர்கள் ரைட் த்ரூ என்பார்கள், இரண்டாவதை ரைட் பேக்.

பழைய கேஷ்கள் எல்லாம் ராம் நினைவகத்தில் ஆனவை. மின்சாரம் போனால் ராம் மறந்துவிடும். அதனாலேயே கணினியை முறைப்படி அணைக்கும்போது பாக்கி இருந்தது எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும். கடை சாத்தினால் கணக்கு நேராகியே தீர வேண்டும், வேறு வழியில்லை. இந்த நல்ல பழக்கத்தை மாற்றியது ஃபிளாஷ். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபூஜியோ மசுவோகா 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை அறிவித்தார். 1987இல் நாண்ட் வகை வந்தது. மின்சாரம் இல்லாமலும் இது மறக்காது. ஹைப்ரிட் டிரைவ் சாத்தியமானது இதனால்தான். பதியாத வவுச்சரை வைத்துக்கொண்டே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை வந்ததும் இதனால்தான். பொட்டியைப் பத்து நாள் அணைத்து வைத்திருந்தாலும் தட்டில் வவுச்சர் அப்படியே இருக்கும். நான் பார்த்த கட்டுரைகள் எல்லாம் இவற்றின் வேகத்தைத்தான் பேசுகின்றன. இந்த மாற்றத்தைப் பேசியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, கதைக்கு வருவோம். 2005இல் சாம்சங்கும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து ஹைப்ரிட் டிரைவின் மாதிரியைக் காட்டினார்கள். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது ரெடிடிரைவ் என்ற பெயரில் அதற்கு இடமும் கொடுத்தார்கள். சாம்சங், சீகேட் இரண்டும் லேப்டாப் டிரைவ்களை விற்றன. சீகேட்டின் 160 ஜி.பி. வட்டில் 256 எம்.பி. ஃபிளாஷ். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தவிர, எதை டிராயரில் வைப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு விண்டோஸ் விஸ்டாவிடம் இருந்தது. விஸ்டாவை வைத்திருந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. அதே வருடம் இன்டெல் மதர்போர்டுப் பக்கம் செருகும் டர்போ மெமரியை விட்டுப்பார்த்தது. அதுவும் எடுபடவில்லை.

2010இல் சீகேட்டின் மொமெண்டஸ் எக்ஸ்.டி. வந்தபோதுதான் ஒருத்தராவது ஒழுங்காக யோசித்தார்கள். 500 ஜி.பி. வட்டு, 7,200 சுற்று, 4 ஜி.பி. ஃபிளாஷ். அளவு கூடியதைவிட முக்கியமானது, முடிவெடுக்கும் மூளை டிரைவுக்குள்ளேயே வந்துவிட்டது. விண்டோஸோ லினக்ஸோ மேக்கோ, எதற்கும் உள்ளே ஃபிளாஷ் இருப்பதே தெரியாது. நீங்கள் அடிக்கடி எதைப் படிக்கிறீர்கள் என்று அதுவே கவனித்து ஒரு நகலை ஃபிளாஷில் வைத்துக்கொள்ளும். நகல் என்பது முக்கியம். அசல் தட்டிலேயே இருக்கும். ஆகவே கழற்றி எந்தப் பொட்டியில் மாட்டினாலும் சாதாரண வன்வட்டாகவே வேலை செய்யும். புது வீட்டில் முதல் சில நாள் மந்தமாக இருந்துவிட்டு, உங்கள் பழக்கம் தெரிந்ததும் சூடு பிடிக்கும். புது இடத்துக்கு மாற்றலாகிப் போன குமாஸ்தா போல.

2011 இறுதியில் 8 ஜி.பி. ஃபிளாஷோடு 750 ஜி.பி. மாடல் வந்தது. வந்த நேரம் சரியில்லை. அக்டோபர் வெள்ளத்தில் தாய்லாந்தின் வன்வட்டு ஆலைகள் மூழ்கி, உலகம் முழுக்க விலை ஏறிக் கிடந்தது. புனேயில் புதவார் பேட்டை எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் பழைய 500 ஜி.பி. வட்டுக்குக்கூட மவுசு வந்த காலம் அது. 2013இல் சீகேட் எஸ்.எஸ்.எச்.டி. என்று பெயர் மாற்றி, டெஸ்க்டாப்புக்கான 1 டி.பி., 2 டி.பி. வட்டுகளை விட்டது. 2016இல் அதே சரக்குக்கு ஃபயர்குடா என்று இன்னொரு பெயர். உங்கள் பொட்டியில் இருப்பது இந்தக் குடும்பம் என்றால் மேற்கொண்டு கவலைப்பட ஒன்றுமில்லை. முறைப்படி ஷட் டவுன் செய்து, கழற்றி, மாட்டி, வேலையைப் பாருங்கள். புது எஸ்.எஸ்.டி.க்கு மாற வேண்டுமா, சாதாரண வன்வட்டைப் போலவே நகலெடுக்கலாம்.

வம்பு அடுத்த குடும்பத்தில். டிராயரும் பெட்டகமும் தனித்தனி சாமான், நடுவில் மென்பொருள் மட்டும் முடிச்சுப் போட்டிருக்கும் குடும்பம்.

2011 மே மாதம் இன்டெல் இஸட்68 சிப்செட்டோடு ஸ்மார்ட் ரெஸ்பான்ஸ் என்ற வசதியைக் கொடுத்தது. பெரிய வன்வட்டு ஒன்று, சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று. எஸ்.எஸ்.டி.யில் 64 ஜி.பி. வரை கேஷாக ஒதுக்கலாம். எஸ்.எஸ்.டி. தங்க விலை விற்ற காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். இதில் 'என்ஹான்ஸ்ட்', 'மேக்ஸிமைஸ்ட்' என்று இரண்டு முறை. முதலாவதில் எழுதுவது எல்லாம் இரண்டு இடத்திலும் உடனே பதிவாகும். இரண்டாவதில் முதலில் எஸ்.எஸ்.டி.யில், பிறகு சாவகாசமாக வட்டில். மேக்ஸிமைஸ்ட் என்ற பெயரைப் பார்த்ததும் நம் ஆட்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமோ?

2012 அக்டோபரில் ஆப்பிள் இன்னும் ஒரு படி போனது. ஃப்யூஷன் டிரைவ் என்பது கேஷே இல்லை. 128 ஜி.பி. ஃபிளாஷையும் 1 டி.பி. வட்டையும் கூட்டி ஒரே சேமிப்பாகக் காட்டும். ஒரு கோப்பு இங்கே இருந்தால் அங்கே இருக்காது. டெக்கான் கல்லூரி மேசையில் இருக்கும் சீட்டைப் போல. எங்கள் பாஷையில் இது ஜாயின்ட் கஸ்டடி. பெட்டக அறைக்கு இரண்டு சாவி, ஒன்று ஆபீசரிடம், ஒன்று ஹெட் கேஷியரிடம், இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். ஐமேக்கில் இருந்து வட்டை மட்டும் உருவி இன்னொரு கணினியில் மாட்டிப் பார்ப்பது, ஒரு சாவியோடு பெட்டகத்தின் முன் நிற்பது. நகலெடுக்க வேண்டுமானால் இரண்டும் சேர்ந்து ஓடும்போதே டைம் மெஷினில் காப்பு எடுத்து, புது இடத்தில் மீட்க வேண்டும்.

இந்தக் கதையில் புனேக்கும் ஒரு பங்கு உண்டு. வெளியே அதிகம் பேசப்படாதது என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

புனே வெகுநாளாகவே சேமிப்பு மென்பொருளின் ஊர். வெரிடாஸ் இங்கே பெரிய மையம் வைத்திருந்தது. அதில் பழகிய கைகள் ஊர் முழுக்க உண்டு. கே.க்யூ. இன்ஃபோடெக் என்ற சின்னக் கம்பெனி 2010இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸின் இஸட்.எஃப்.எஸ். கோப்பு முறையை லினக்ஸ் கருவுக்குள் ஓடவைத்து வெளியிட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் செய்திருந்த அடிப்படை வேலையின் மேல் கட்டியது. லினக்ஸ் ஆட்கள் அந்த நாட்களில் புனே என்ற பெயரை ஆச்சரியத்தோடு உச்சரித்தார்கள். பிறகு எஸ்.எஸ்.டி. செய்யும் எஸ்டெக் என்ற அமெரிக்க நிறுவனம் இவர்களை வாங்கிக்கொண்டது.

எஸ்டெக்கிடம் இருந்து வந்தது என்ஹான்ஸ் ஐ.ஓ. என்ற கேஷ் மென்பொருள். 2010இல் ஃபேஸ்புக் தன் டேட்டாபேஸ்களுக்காக எழுதித் திறந்துவிட்ட ஃபிளாஷ்கேஷின் வழி வந்தது. இதில் எனக்குப் பிடித்த ஒரு குணம்: ஏற்கெனவே தகவல் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும் வட்டுக்கு, அதை நிறுத்தாமல், மறுபடி ஃபார்மட் செய்யாமல், எஸ்.எஸ்.டி. கேஷைச் சேர்க்கலாம். அதே போலக் கழற்றவும் செய்யலாம். வட்டின் மேல் தன் முத்திரை எதையும் குத்தாது. கழற்றிய பிறகு அது பழைய வட்டு, எங்கு வேண்டுமானாலும் போகலாம். வீடு காலி செய்யும்போது சுவரில் ஆணி அடித்த தடம்கூட இல்லாமல் போகிற குடித்தனக்காரர் மாதிரி. போட்டிக்கு இருந்த பிகேஷ், வட்டின் தலையில் தன் அடையாளத்தை எழுதிக்கொள்ளும். அதனால் முதலிலேயே வட்டைக் காலி செய்து தயார்ப்படுத்த வேண்டும்.

2013இல் என்ஹான்ஸ் ஐ.ஓ.வை லினக்ஸ் கருவில் சேர்க்கச் சொல்லி முன்வைத்தார்கள். சேரவில்லை. அந்த ஏப்ரலில் டி.எம். கேஷ் உள்ளே போனது, ஜூன் இறுதியில் பிகேஷ் போனது. அதே வருடம் எஸ்டெக்கை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிவிட்டது. நல்ல குடித்தனக்காரருக்கு வீடு கிடைக்கவில்லை. ஆணி அடித்தவருக்குக் கிடைத்தது. (பிகேஷுக்கு நியாயமாகச் சொன்னால், பிரிக்கும் கட்டளை கொடுத்தால் பாக்கியை எல்லாம் வட்டில் எழுதிவிட்டுத்தான் பிரியும். தரமான சரக்குதான்.)

கடைசி அங்கம் ஆப்டேன். 2017 ஏப்ரலில் இன்டெல் 16 ஜி.பி., 32 ஜி.பி. அளவில், சூயிங் கம் பட்டை போன்ற ஒரு பலகையை விற்க ஆரம்பித்தது. ஃபிளாஷைவிட வேகமான வேறு வகை நினைவகம். ஏழாம் தலைமுறை பிராசஸரும் அதற்கேற்ற மதர்போர்டும் இருந்தால், பழைய 1 டி.பி. வட்டு எஸ்.எஸ்.டி. மாதிரி ஓடும். உண்மையிலேயே ஓடியது. பல கடைகளில் டெஸ்க்டாப்போடு சேர்த்தே கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பலருக்கு உள்ளே அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எங்கள் வளாகத்தில் ஓர் அக்கா இருக்கிறார். திருநெல்வேலிக்காரர், புனேக்கு வந்து முப்பது வருடம். அவர் கணவர் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் சீட்டு, விசேஷ வசூல், ஊர்க் கோயில் கொடைக் கணக்கு எல்லாவற்றையும் தன் டெஸ்க்டாப்பில் வைத்திருந்தவர். இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பொட்டி மெதுவாகிவிட்டது என்று அக்கா ஒரு கடையில் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் புதுப் பொட்டி விற்று, பழைய ஹார்ட் டிஸ்க்கை அதில் மாட்டிக் கொடுத்தார். மிச்ச சாமானைக் கழிவுக்கு எடுத்துக்கொண்டார்.

"தம்பி, உங்க மாமா கணக்கு எதுவும் தெறக்க மாட்டேங்குது. டிஸ்க்கை ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது. பண்ணிரவா?"

"பண்ணிராதீங்க அக்கா. எதையும் தொடாம அணைச்சு வைங்க, இப்ப வாரேன்."

பழைய பில்லைப் பார்த்தால் ஆப்டேன் 16 ஜி.பி. என்று ஒரு வரி. கடைக்கு ஓடினோம். மதர்போர்டு மூலையில் கிடந்தது, அந்தப் பட்டையைக் காணோம். யாருக்கோ விற்றாகிவிட்டது. "அது சும்மா ஸ்பீடுக்கு சார், அதுல டேட்டா எதுவும் இருக்காது" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர்தான், அப்படித்தான் அவரும் கேள்விப்பட்டிருக்கிறார். ஆனால் ஆப்டேன் எழுதுவதையும் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளும் வகை. அதோடு, வட்டில் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணையை விண்டோஸ் ஓயாமல் திருத்திக்கொண்டிருக்கும். அந்தத் திருத்தங்களும் பட்டையோடு போய்விட்டன.

மீட்பு மென்பொருள் வைத்து இரண்டு நாள் துழாவினோம். வட்டில் இருந்த பழைய படங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன, பெயரில்லாமல், தேதியில்லாமல். 2009இல் எடுத்து யாரும் மறுபடி பார்க்காத மகாபலேஷ்வர் டூர் படங்கள் பழுதில்லாமல் வந்தன. கணக்குக் கோப்பு வரவில்லை. யோசித்தால் அப்படித்தான் ஆகும். எதைத் தினமும் திறந்து எழுதுகிறீர்களோ அதுதான் டிராயரில் இருக்கும். மாமா போன பிறகும் அக்கா அந்தக் கணக்கைத் தினமும் திறந்து ஒரு வரியாவது எழுதிக்கொண்டிருந்தார். அச்செடுத்திருந்த இரண்டு வருடத் தாள்களை வைத்து முக்கால்வாசியை மறுபடி உட்கார்ந்து தட்டினோம். மிச்சத்தை ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். யாரும் குறைத்துச் சொல்லவில்லை என்பதைத் தமிழ்க் குடும்பங்களின் நேர்மைக்குச் சான்றாக இங்கே பதிந்துவைக்கிறேன்.

பட்டை கைக்குக் கிடைத்திருந்தால் வேலை ஒரு மணி நேரம். வட்டு, பட்டை, பழைய மதர்போர்டு மூன்றையும் பழையபடி சேர்த்து விண்டோஸைக் கிளப்பி, இன்டெல்லின் மேலாண்மைச் செயலியில் ஆப்டேனை 'டிஸேபிள்' செய்ய வேண்டும். அது பாக்கி எல்லாவற்றையும் வட்டில் எழுதி முடித்து, மறுபடி கிளம்பி, முடிச்சை அவிழ்த்துவிடும். பிறகு வட்டு தனி ஆள். ஸ்மார்ட் ரெஸ்பான்ஸுக்கும் இதே கதைதான். வங்கியில் ஓர் ஆபீசருக்கு மாற்றல் வந்தால், அவர் பெயரில் சஸ்பென்ஸ் கணக்கில் தொங்கும் பதிவுகளை எல்லாம் நேர் செய்த பிறகுதான் ரிலீவ் செய்வார்கள். சாவியைக் கொடுத்துச் சார்ஜ் ஒப்படைக்காமல் பஸ் ஏற முடியாது. வட்டுக்கும் அந்த மரியாதை கொடுத்தால் போதும். பழைய டெஸ்க்டாப்பைத் திறக்கும் முன் பயாஸில் சாட்டா முறை ஏ.எச்.சி.ஐ. என்றில்லாமல் ரெய்டு, ஆர்.எஸ்.டி., ஆப்டேன் என்று ஏதாவது போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்கள். காப்பு எடுத்து, முடிச்சை அவிழ்த்த பிறகு தொடலாம்.

2019இல் இன்டெல் இரண்டையும் ஒரே பட்டையில் வைத்து எச்10 என்று விற்றது. ஆப்டேனும் சாதாரண ஃபிளாஷும் ஒரே உடம்பில். ஆனால் கணினிக்கு அவை இரண்டு தனித்தனி சாதனங்கள்தான். பொருந்தாத மதர்போர்டில் செருகினால் ஒரு பாதிதான் கண்ணுக்குத் தெரியும். சீகேட் 2010இலேயே தீர்த்த சங்கதியை ஒன்பது வருடம் கழித்து இவர்கள் மறுபடி கிளப்பினார்கள் என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் சாதாரண எஸ்.எஸ்.டி. விலை இறங்கிவிட்டது. முழுப் பெட்டகமே டிராயர் வேகத்தில் ஓடும்போது தனி டிராயர் எதற்கு? 2021இல் எம்1 சிப் ஐமேக் வந்தபோது அதில் ஃப்யூஷன் டிரைவ் என்ற தெரிவே இல்லை. 2022 ஜூலையில் இன்டெல் ஆப்டேன் தொழிலை மூடுவதாக அறிவித்தது. அதை முன்னிட்டு 55.9 கோடி டாலரைச் சரக்கு மதிப்புக் குறைப்பாக எழுதியது. எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமே ருசிக்கும் தகவல், விட மனசில்லை. :-)

ஆனால் ஜாயின்ட் கஸ்டடி போகவில்லை, இடம் மாறியிருக்கிறது. விண்டோஸ் 11இன் 2024 பதிப்பில் இருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான பொட்டிகளில் வட்டு தானாகவே பூட்டெழுத்தாகிவிடுகிறது. அதன் சாவியை மதர்போர்டில் உள்ள டி.பி.எம். பாதுகாக்கிறது. அந்த எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி இன்னொரு பொட்டியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கைத் திறந்தீர்கள் என்பது நினைவிருந்தால் எடுத்துவிடலாம். கடைக்காரரே தன் வசதிக்கு ஒரு கணக்கைத் திறந்து நிறுவிக் கொடுத்த பொட்டிகளும் ஏரவாடாவில் நிறைய உண்டு. அந்த 48 இலக்கங்கள் இப்போது அவருடைய கணக்கில் இருக்கின்றன. பொட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே போய், எண்ணை வாங்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.